நின்றுகொண்டு போகும் திருப்பயணம்

ஆகஸ்டு 15 நெருங்கும்போது, காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவுக்கு நம் பங்குகளிலிருந்து சிறு சரக்கு வண்டிகள் புறப்படுவதை யாவரும் அறிவோம். உவரிக்கும் புளியம்பட்டிக்கும் அவ்வாறே. தாய்மார் தட்டில் அமர, இளைஞர் கம்பியைப் பற்றி நிற்க, செபமாலையும் பாட்டுமாகப் பயணம் தொடங்குகிறது. பக்தியைக் குறித்து நமக்கு ஐயமில்லை. வண்டியைக் குறித்தே இம்மாதம் சில கூற விழைகிறோம்.

தாமிரபரணிப் பாசனத்தில் அறுவடைக்குப் பின் வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டிகளை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். பாரம் உயர்ந்துவிட்டால், வாய்க்கால் கரைச் சரிவில் வண்டிக்காரர் இறங்கி நடந்தே மாடுகளைச் செலுத்துவார். எடையின் மையம் மேலேறினால் வண்டி சாயும் என்பதை அவர் ஏட்டில் படித்தவரல்லர். இயற்பியலும் இதனையே கூறுகிறது: சக்கரங்களின் இடையகலத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவதே வண்டியின் நிலைப்பு. அகலம் மாறாது, உயரத்தை மாற்றுகிறவர்கள் நாமே.

முக்கால் டன் ஏற்றத்தக்க வண்டியில் இருபது பேர் நிற்பதாகக் கொள்வோம். ஆளுக்கு 60 கிலோ என்றால் 1,200 கிலோ. நிற்பவரின் எடைமையம் ஏறத்தாழ தொப்புளருகே, தட்டிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் உள்ளது. தட்டோ தரையிலிருந்து முக்கால் மீட்டர். ஆக, வண்டியின் எடையைவிடக் கனமானதொரு சுமை, ஓட்டுநரின் தலைக்கு நிகரான உயரத்தில் ஆடிக்கொண்டே வருகிறது! வளைவில் வெளிப்புறம் தள்ளும் விசையோ வேகத்தின் வர்க்கமாகப் பெருகும். 30 கிலோமீட்டரில் இருந்ததைப்போல் 60இல் நான்கு மடங்கு. மூலைக்கரைப்பட்டி, திசையன்விளை வழியிலுள்ள சாலைகளில் ஆடு குறுக்கிடுவதற்கு நேரம் காலம் உண்டோ?

எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் பளுவைத் தாங்கும். ஷாக் அப்சார்பர் அதன் துள்ளலை அடக்கும். இடவலச் சக்கரங்களை இணைக்கும் முறுக்குத் தண்டு உள்ள வண்டிகளில் அது சாய்வைக் குறைக்கும். மிகைப்பளு ஏற்றுவதற்கென்று சிலர் பட்டறையில் கூடுதல் பட்டைகளைச் செருகுகின்றனர். அதனால் வண்டி தாழாது. ஆனால் முன்னிலும் உயர்ந்து நிற்கும். இது நன்மையென்று நாம் கருதவில்லை.

1997 அக்டோபரில் சுவீடன் நாட்டில், சாலையில் குறுக்கிடும் கடமானை விலக்குவதுபோல் சட்டென்று திருப்பி ஓட்டும் சோதனையில், மெர்சிடிஸ் நிறுவனத்தின் புதிய சிறு கார் ஒன்று கவிழ்ந்தது. பெயர்பெற்ற நிறுவனம் விற்பனையை நிறுத்தி, ஸ்பிரிங் அமைப்பைத் திருத்தி, மின்னணு நிலைப்புக் கருவியையும் எல்லாக் கார்களிலும் பொருத்தியது. திருப்பிய திசைக்கு மாறாக வண்டி வழுக்கத் தொடங்கினால், இக்கருவி வேண்டிய ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் பிடித்து, எஞ்சினின் விசையையும் குறைக்கும். பக்கவாட்டில் வழுக்கும் சக்கரம் சாலையோர மண்ணில் தட்டித்தான் பல வண்டிகள் புரளுகின்றன என்பதால் இது பேருதவி. நம்மூர்ச் சிறு சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இக்கருவி இல்லை. இருந்தாலும் தலைக்குமேல் ஏறிய எடையை அது இறக்கிவைக்காது.

இன்னொன்றையும் குடும்பத் தலைவர்கள் அறிதல் வேண்டும். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் தடை செய்கிறது. அவ்வாறு சென்று உயிரிழப்போருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லையென உச்சநீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உழைத்துச் சோறு போட்டவரை இழந்த வீடு வண்டி உரிமையாளரையே நாடவேண்டியதாகும். கடன் வாங்கி வண்டி எடுத்த அவரிடம் என்ன இருக்கும்?

பேருந்துக்கு வாடகை மிகுதி என்பது உண்மையே. இரண்டு அன்பியங்கள் சேர்ந்தால் ஒரு பேருந்து நிறைந்துவிடும். திருவிழாவுக்கு இரண்டு திங்களுக்கு முன்னரே வாரந்தோறும் சிறுதொகை சேர்க்கலாம். அதற்கும் இயலாத ஏழைக் குடும்பங்களின் கட்டணத்தைப் பங்குப் பேரவை ஏற்கட்டும். வாணவேடிக்கைச் செலவில் பாதியைக் குறைத்தாலே அதற்குப் போதும்.