ஏழு பேர்ச்சில் ஒரு வீடு



பூண்டுலோயா, இறம்பொடை, தவலந்தென்னை என்று கொத்மலைப் பக்கம் எங்கே போனாலும் இப்போது பேச்சு வீட்டைப் பற்றித்தான். தனிவீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தவர்கள் பேசுகிறார்கள். கொழும்பிலும் குவைத்திலும் உழைத்த காசைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் பேசுகிறார்கள். டித்வா புயலுக்குப் பிறகு வேறு இடம் தேடிக்கொண்டிருப்பவர்களும் பேசுகிறார்கள். எல்லோரிடமும் ஒரு கேள்வி பொதுவாக இருக்கிறது: அறைகளை எப்படி வைப்பது?

லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கு இது சின்னக் கேள்வி இல்லை. தலைமுறை தலைமுறையாக நம்மிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அவ்வளவுதான். கட்டியவர்கள் எத்தனை ஆட்களைத் தங்க வைக்கலாம் என்று கணக்குப் பார்த்தார்கள். அங்கே ஒரு குடும்பம் எப்படி வாழும் என்று பார்க்கவில்லை. கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1970களில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992ல் கம்பெனிகளிடம் போயின. காம்பராவின் அளவு மட்டும் மாறவில்லை.

இப்போது ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு என்ற கணக்கு வந்திருக்கிறது. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தில் இருக்கும் குடும்பங்களின் தொகைக்கு இது போதுமா? போதாது. அந்தப் பேச்சைத் தனியாகப் பேசுவோம். இன்றைக்கு நான் எழுத வந்தது, கையில் காணி கிடைத்தவர்கள் முளை அடிப்பதற்கு முன்னால் குடும்பமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியதைப் பற்றி.

முதலில் யோசிக்க வேண்டியது அறையை அல்ல, தண்ணீரை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்து போன பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். கொத்மலையில் எத்தனை இடத்தில் மலை இறங்கியது என்பதை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள். அதற்கு முன்னே 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வேறு இடம் இல்லை.

சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கு இன்று கொஞ்சமாவது தேர்வு இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் அந்த நிறுவனத்தின் பரிந்துரை இல்லாமல் கட்டக் கூடாது என்பதை அலைச்சலாக நினைக்காதீர்கள். பிரதேச சபையில் அனுமதி எடுப்பதோடு சேர்த்து அதையும் எடுத்துவிடுங்கள். வரைபடத்துக்குச் செலவழிக்கும் காசில் இதுதான் மிகவும் பிரயோசனமான காசு.

காணியைப் பார்க்கப் போவதென்றால் வெயில் நாளில் போகாதீர்கள். அடைமழையில் குடையோடு போய் நில்லுங்கள். மேலே இருந்து தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்குகிறது? எங்கே தேங்குகிறது? பக்கத்தில் உள்ள பெரியவர்களிடம் சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேளுங்கள். தென்மேற்கு மழை மே மாதத்தில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. ஆனால் பள்ளத்தாக்கில் காற்று தன் போக்கில் திரும்பும். ஒரு தோட்டத்தில் சாரல் வரும் திசை அடுத்த தோட்டத்தில் இருக்காது. சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரில் பெரிய ஜன்னலையோ முன்வாசலையோ வைத்துவிட்டால் வருடத்தில் பாதி நாள் அதைச் சாத்தியே வைத்திருக்க வேண்டும்.

சமதரைக்காக மலையை வெட்டுகிறோம். வெட்டிய மண்ணோடு ஒட்டிப் பின்சுவரை எழுப்பினால் அந்த அறை என்றைக்கும் காயாது. பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு இளைப்பு வரும். மண் சரிந்தால் நேராக அந்த அறைக்குள்தான் வரும். அந்தப் பக்கத்திலா பிள்ளைகளைப் படுக்க வைப்பது? பின்னால் இடைவெளி விட்டு, வெட்டுக்கு மேலேயும் கீழேயும் கான் எடுத்து, கூரைத் தண்ணீரைப் பீலி போட்டு அந்தக் கானில் சேர்த்து, கீழே ஓடைவரை கொண்டுபோக வேண்டும். கழிவறைக் குழியை முட்டுச் சுவருக்கு மேலே தோண்டாதீர்கள். குழித் தண்ணீர் மண்ணை ஊற வைத்துச் சுவரையே தள்ளிவிடும். அயலவர் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுக்கு மேலேயும் தோண்டாதீர்கள்.

இதையெல்லாம் செய்ய இடம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,905 சதுர அடி. வீட்டுக்கு 550 போனால் சுமார் 1,350 சதுர அடி மிச்சம் இருக்கிறது. திட்ட வீடுகளில் உள்ளே இருக்கும் அறைகளை நாம் மாற்ற முடியாமல் இருக்கலாம். அந்த 1,350 சதுர அடி நம்முடைய கையில்தான் இருக்கிறது. கான், குழி, நடைபாதை, கொஞ்சம் மரக்கறிப் பாத்தி, நாளைக்குக் கட்டப் போகும் அறை எல்லாம் அதற்குள்தான் வர வேண்டும். அதனால் காகிதத்தில் வீட்டை மட்டும் வரையாதீர்கள். காணி முழுவதையும் வரையுங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம்.

நம் வீடுகளில் வீட்டைப் பற்றி முடிவெடுக்கிறவர் ஒருவர், அதில் அதிக நேரம் உழைக்கிறவர் இன்னொருவர். மேசன் பாஸோடு பேசுவது அப்பாவும் மாமாவும். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். இதை மாற்றாமல் நல்ல வீட்டு வரைபடம் வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொழுந்து பறிக்கப் போகும் ஒரு அம்மாவின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியும் முன்னே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். ரொட்டி சுட்டு, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பி, பெரட்டுக்கு ஓட வேண்டும். பின்னேரம் திரும்பும்போது படங்கு நனைந்திருக்கும், காலில் சேறு, சில நாள் அட்டையும் இருக்கும். அந்தக் கோலத்தில் அவர் முன்வாசல் வழியாக ஹோலுக்குள் வர முடியுமா? பின்பக்கம் ஒரு கதவு, கதவுக்கு வெளியே ஒரு பைப், கால் கழுவ ஒரு சிமெந்துத் திட்டு, மேலே இரண்டு தகரம், நனைந்ததைப் போட ஒரு கொடி, கூடையை மாட்ட ஓர் ஆணி. இதற்கு என்ன பெரிய செலவு? ஆனாலும் நான் பார்த்த பல புதிய வீடுகளில் இது இல்லை. முன்பக்கத்தில் வளைவும் தூணும் இருக்கின்றன.

குசினியும் அப்படித்தான். காஸ் அடுப்பு வாங்கினாலும் நம் மலையில் விறகு அடுப்பு போகாது. குளிருக்கும் வேண்டும், செலவுக்கும் வேண்டும். அப்படியென்றால் புகை போக வழி வேண்டும், விறகு காய இடம் வேண்டும். புகைபோக்கி இல்லாத குசினியில் வருடக் கணக்காக நின்ற நம் அம்மாக்களின் இருமலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். புகைபோக்கியை வீடு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். கூரை போடும்போதே வைத்துவிடுங்கள்.

குசினியை இப்படி யோசித்து வரைந்தவர்கள் உண்டு. 1926ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வரைந்தார். சமைக்கிற பெண் எத்தனை அடி நடக்கிறார், எங்கே குனிகிறார், எங்கே திரும்புகிறார் என்று பார்த்து வரைந்தது அது. சுமார் ஆறடிக்குப் பதினொரு அடிதான். அந்தச் சின்ன அறை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனது. நீங்களும் அதைச் செய்யலாம். அம்மாவை நிற்கச் சொல்லுங்கள், தண்ணீர், அடுப்பு, பாத்திரம் மூன்றும் எங்கே இருந்தால் வசதி என்று கேளுங்கள். அடுப்புத் திட்டை அவருடைய உயரத்துக்குக் கட்டுங்கள்.

அக்கினி மூலை பார்க்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். பாருங்கள், நம் பெரியவர்களின் மனத்திருப்தியும் வேண்டியதுதான். ஆனால் அந்த மூலை வெட்டிய மண்சுவருக்குக் கீழே வருகிறது என்றால் சாஸ்திரியாரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். மாற்று வழி சொல்லாத சாஸ்திரியார் இல்லை.

படுக்கை அறை விஷயத்தில் வெளிப்படையாகவே எழுதுகிறேன். ஒரே காம்பராவில் தாத்தா பாட்டி, கணவன் மனைவி, வளர்ந்த பெண்பிள்ளை எல்லோரும் படுத்த காலம் நமக்கு நன்றாகத் தெரியும். உடுப்பு மாற்றக்கூட இடமில்லாமல் பிள்ளைகள் பட்ட சங்கடம் தெரியும். இரண்டு அறை கிடைக்கும்போது ஒன்றைச் சாமான் அறையாக்கிவிடாதீர்கள். வயதானவர்களின் படுக்கை கழிவறைக்குக் கிட்ட, படி இல்லாமல் இருக்கட்டும். ஓ.எல்., ஏ.எல். படிக்கும் பிள்ளைக்குத் தனி அறை முடியாவிட்டாலும் ஜன்னலடியில் ஒரு மேசை, ஒரு லைட், ஒரு பிளக். டிவி அதற்கு மறுபக்கத்தில்.

அடுத்தது, நாளைய வீடு. மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகும். அப்போது என்ன செய்வோம்? லயத்தில் செய்ததையே செய்வோம்: இஸ்தோப்பை அடைப்போம், தகரம் இறக்குவோம், உள்ளே வெளிச்சம் போய்விடும். இந்தியாவின் இந்தூரில் ஆரண்யா என்ற குடியிருப்பை 1980களில் வடிவமைத்த கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி இதை முன்கூட்டியே யோசித்தார். வசதி குறைந்த குடும்பங்களுக்கு அடித்தளம், கழிவறை, தண்ணீர் வசதியோடு ஆரம்பித்துக் கொடுத்தார். மீதியைக் காசு வரவரக் குடும்பங்களே கட்டிக்கொண்டன. எந்தப் பக்கம் வளரும் என்பது முதலிலேயே வரைபடத்தில் இருந்தது. நாமும் இன்றைக்கே ஒரு பக்கத்தைக் குறித்து வைப்போம். அந்தப் பக்கத்தில் குழி தோண்டாமல், தண்ணீர்க் குழாய் புதைக்காமல் விடுவோம். நாளைக்குக் கதவாக மாறக்கூடிய இடத்தில் ஜன்னல் வைப்போம்.

போனில் வரும் வீட்டுப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் சமதரைக்கும் வெயிலுக்கும் வரைந்தவை. தட்டையான கொங்கிரீட் கூரை நம் மழைக்கு ஒழுகும். பிள்ளைகள் ஆசையாகக் காட்டுவார்கள், பார்த்து ரசியுங்கள். சரிவான கூரையும் நீண்ட தாழ்வாரமும்தான் இங்கே நிற்கும்.

இஸ்தோப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். லயத்தில் நாம் பட்டது எல்லாம் துன்பம்தான் என்றாலும், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். கல்யாணம், சடங்கு, சாவு எல்லாவற்றுக்கும் சனம் கூடி உட்கார்ந்தது அந்த வாசலில்தான். தனிவீடு வந்ததும் சுற்றிவர மதில் எழுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கப் போகிறோமா? நாலு பேர் உட்காரும் அளவுக்கு ஓர் இஸ்தோப்பு, அயல் வீட்டைப் பார்த்தபடி இருக்கட்டும். முன்கதவு மூன்றரை அடியாவது அகலமாக இருக்கட்டும். அலுமாரியும் வரும், ஒருநாள் பெட்டியும் போகும்.

வரைந்தது சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. காணியைச் சமப்படுத்தியதும் சுண்ணாம்புத் தூளால் அறைகளை நிஜ அளவில் தரையில் போடுங்கள். குடும்பமாக அதற்குள் நடந்து பாருங்கள். ஐந்தடிக் கட்டில் போட்டால் கதவு திறக்குமா? அம்மா குசினியில் நின்று வாசலில் விளையாடும் பிள்ளையைப் பார்க்க முடியுமா? பாட்டி ராத்திரி கழிவறைக்குப் போக எத்தனை எட்டு? சுண்ணாம்புக் கோட்டை அழித்துவிட்டு மறுபடி போடலாம். சுவரை அப்படிச் செய்ய முடியாது.

உங்கள் காணியின் படத்தை ஒரு கொப்பித் தாளில் வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள். மலை எந்தப் பக்கம், பாதை எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்குகிறது, வீட்டில் எத்தனை பேர் என்று எழுதுங்கள். வீட்டில் உள்ள பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்கள் கையாலேயே எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது. வந்தவற்றில் சிலவற்றை எடுத்து, கட்டட வேலை தெரிந்தவர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதை வரும் இதழ்களில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்