ஜனாஸாவுக்குப் பின்னரும் கதை உண்டு

நம் கதாசிரியர்களுள் பலரிடம் ஒரு வழக்கம் படிந்துவிட்டது. தாம் படைத்த மாந்தரைக் கரைசேர்க்க வழி தெரியாதபோது, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும்படி அவர்களைச் செய்துவிடுகின்றனர். கடன்பட்ட தந்தை, சீர்வரிசைக் கொடுமைக்கு ஆளான மருமகள், தேர்வில் தோற்ற மாணவன் என யாராயினும் முடிவு ஒன்றே. ஒரு கடிதம், ஓர் அலறல், கூடிய கூட்டம், அத்துடன் 'முற்றும்'. வாசகர் கண் கலங்கிப் பக்கத்தைப் புரட்டுகிறார். எழுதியவரும் தம் பணி நிறைவுற்றதெனப் பேனாவை மூடி வைக்கிறார்.

இதனை வெறும் கலைக்குறை என்று விட்டுவிட நமக்கு மனமில்லை. இஃது ஓர் அநீதி என்றே கூறுவோம். அவர் 'முற்றும்' என்று எழுதிய அதே இடத்திலன்றோ ஒரு வீட்டின் கதை தொடங்குகிறது!

நோயில் ஒருவர் மறைந்தால் வீட்டார் அழுவர், ஊரார் தேற்றுவர், காலம் மெல்ல மருந்திடும். தன்னுயிரைத் தானே மாய்த்தவரின் வீடு அத்தகையதன்று. 'அன்றிரவு நாம் விழித்திருந்தால்' என்னும் நெஞ்சறுக்கும் எண்ணம் அங்கு இருக்கும். 'உன் சொல்லால்தான்' என்று ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டும் மௌனப் பார்வை இருக்கும். ஊரார் வாய்க்கு அஞ்சி, மாரடைப்பென்று சொல்லிவைத்த பொய் இருக்கும். இவையனைத்துக்கும் அடியில், வாய் திறந்து சொல்லக் கூசும் ஒன்றும் இருக்கும். அதுதான் இறந்தவர்மீது எழும் கோபம்.

ஆண்டுகள் பல சென்றும் நம் உள்ளத்தை விட்டு அகலாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. நம்மிடம் குர்ஆன் ஓதிய பெண்பிள்ளை ஒருத்தியின் தமையன் இவ்வாறு மறைந்தான். ஆறுதல் கூறச் சென்ற நம்மிடம் கதவோரம் நின்று அவள் கேட்டாள்: "ஹஜ்ரத், எனக்கு அழுகை வரவில்லை. காக்கா மேலே கோபந்தான் வருகிறது. இது குற்றமா?" நாம் சொன்ன விடை, "ஸப்ர் செய்யம்மா" என்பதே. அவள் தலையசைத்து உள்ளே சென்றாள். அதன்பின் அதுபற்றி அவள் வாய் திறக்கவேயில்லை. பொறுமையைப் போதித்ததாக அன்று நாம் எண்ணினோம். கேள்வி ஒன்றின் வாயை அடைத்தோம் என்பதைப் பிற்பாடே உணர்ந்தோம்.

நாம் அடைத்த வாயைத் திறக்கவல்லது நல்ல கதை. ருஷ்ய நாட்டு டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' இதற்குச் சான்று. அந்நாவல் ஒரு திங்களிதழில் தொடராக வந்தது. எட்டாம் பாகத்தை வெளியிட இதழாசிரியர் காட்கோவ் மறுத்தார். ஸெர்பியப் போரைப் பற்றிய கருத்து வேறுபாடே அதற்குக் காரணம். ஆயினும் வாசகர்களுக்கு அவர் அறிவித்ததோ, கதாநாயகியின் மரணத்தோடு நாவல் உள்ளபடி முடிந்துவிட்டது என்பது! டால்ஸ்டாய் அதை ஏற்கவில்லை. 1877இல் எட்டாம் பாகத்தைத் தனி நூலாகவே வெளியிட்டார்.

அப்பாகத்தில் நாம் காண்பது என்ன? அன்னாவின் காதலன் வ்ரான்ஸ்கி ஆறு வாரம் பேச்சற்றுக் கிடந்து, பின்னர்ப் போர்முனைக்குப் புறப்படுகிறான். அவனுடைய தாயோ இறந்தவளை இரக்கமின்றித் தூற்றுகிறாள். பச்சிளம் மகளைக் கணவன் கரீனின் கொண்டுபோய்விடுகிறான். அன்னாவின் இனிய முகத்தை நினைவுக்குக் கொண்டுவர வ்ரான்ஸ்கி முயல்கிறான், முடியவில்லை. தன்னைத் தண்டித்து வென்றுவிட்ட முகமே அவன் முன் நிற்கிறது. அன்பும் துயரமும் கோபமும் பிரிக்கவொண்ணாமல் பின்னிக் கிடக்கும் இந்நிலையன்றோ உண்மை! மரணத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு பெண்ணின் கதையாக மட்டுமே நின்றிருக்கும்.

அரபு இலக்கியத்திலும் ஒன்றைச் சுட்டுவோம். 1988இல் நோபல் பரிசு பெற்ற எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூழின் 'பிதாயா வ நிஹாயா' என்னும் நாவல் 1949இல் வெளிவந்தது. தந்தையை இழந்து வறுமையில் உழலும் குடும்பம். குடும்ப மானத்தின் பெயரால் தம்பி ஹஸனைன் தன் சகோதரி நஃபீஸாவை மரணத்துக்குத் தள்ளுகிறான். பின்னர் தானும் நைல் நதிக்கரையில் வந்து நிற்கிறான். அங்கே நாவல் முடிகிறது. வறுமையையும் போலிக் கௌரவத்தையும் இவ்வளவு கூர்மையாகக் காட்டியவர் சிலரே. ஆயினும் ஒரு வினா நம்மை விடவில்லை. செய்தியறியாது வீட்டிலிருக்கும் அந்த உம்மா என்ன ஆனாள்? இத்துணைப் பெரிய பேனாவும் அவள் வாசலுக்குச் செல்லவில்லையே!

இனி, நம்மவர் கூறும் மறுப்புகளுக்கு வருவோம். "இறந்தோரை ஏசலாகாது என்பது நபிமொழியாயிற்றே, அவர்மேல் கோபத்தை எழுதலாமா?" என்பர். ஏசுதல் வேறு, 'எம்மை இப்படி விட்டுச் சென்றாயே' எனப் புலம்புதல் வேறு. முன்னது பகை, பின்னது அன்பின் காயம். காயம் காட்டுவோரை வசைபாடியவர் பட்டியலில் சேர்ப்பது நீதியன்று.

"இத்தகைய கதைகள் பலவீனமான உள்ளங்களைக் கெடுக்கும்" என்று வேறு சிலர் கூறுவர். இந்த அச்சம் பொய்யன்று. ஜெர்மானியக் கவிஞர் கதே 1774இல் எழுதிய 'வெர்தர்' நாவலைப் பின்பற்றி இளைஞர் சிலர் உயிர்விட்டதாகப் பேச்செழுந்தது. 1775இல் லைப்ஸிக் நகரில் அதற்குத் தடை வந்தது. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின், 1974இல் டேவிட் பிலிப்ஸ் என்னும் ஆய்வாளர், இத்தகைய பின்பற்றலுக்கு அந்நாவலின் பெயரையே இட்டார். ஆனால் அந்நாவலின் தீங்கு எங்கே இருக்கிறது? மரணம் காதலின் மகுடமாகக் காட்டப்பட்டது; பின்னே நின்றோர் சில வரிகளில் கடந்து செல்லப்பட்டனர். ஆகவே, எப்படி இறந்தான் என்பதை விவரிக்கும் பேனாவைத் தடுப்போம். அவனுக்குப் பின் வீடு என்ன ஆயிற்று என்பதை எழுதும் பேனாவைத் தடுக்கமாட்டோம்.

தன்னுயிரை மாய்த்தல் ஹராம். இதில் ஐயத்துக்கு இடமில்லை. அத்தகைய ஒருவருக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் தாம் ஜனாஸா தொழவில்லை என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆயினும் இமாம்கள் அபூஹனீஃபா, மாலிக், ஷாஃபிஈ உள்ளிட்ட பெரும்பாலோர், அவருக்கும் தொழுகை உண்டு என்றே கூறியதாக இமாம் நவவி (ரஹ்) தம் விரிவுரையில் எழுதுகிறார். ஷரீஅத் திறந்துவைத்த கதவை, ஊர்வாய்க்கு அஞ்சி நாம் அடைப்பது ஏன்?

அதே ஸஹீஹ் முஸ்லிமில் துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வரலாறு வருகிறது. அவருடன் ஹிஜ்ரத் செய்த தோழர் ஒருவர், நோயின் வேதனை பொறாது தம் கைகளைத் தாமே காயப்படுத்தி மாண்டார். துஃபைல் அவரைக் கனவில் காண்கிறார். தோற்றம் அழகாயிருக்கிறது, கைகள் மட்டும் மூடப்பட்டுள்ளன. ஹிஜ்ரத்தின் பொருட்டு மன்னிக்கப்பட்டதாகவும், தாமே கெடுத்துக்கொண்ட கைகள் சீராக்கப்படவில்லை என்றும் அத்தோழர் சொல்கிறார். துஃபைல் அந்த மூடிய கைகளை மறைக்கவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களிடமே கொண்டுசென்று கூறினார். 'பேசாதே' என்ற விடை அவருக்குக் கிடைக்கவில்லை. அக்கைகளையும் மன்னிக்குமாறு இறைவனிடம் கேட்ட துஆவே கிடைத்தது.

பின் நின்றவர் தம் உள்ளத்தில் இருந்ததைச் சொன்னார். அவர் சொல் கேட்கப்பட்டது. கதவோரம் நின்ற அப்பிள்ளைக்கு நாம் செய்யத் தவறியது இதுவே.

கதை எழுதும் சகோதரர்களே, சகோதரிகளே! மூடிய கைகளை மூடியவாறே விட்டுச் செல்லாதீர்கள். அடுத்த கதையை ஜனாஸா சென்ற பின்னர்த் தொடங்குங்கள். உம்மாவின் குற்றவுணர்வை எழுதுங்கள்; தங்கையின் கோபத்தை எழுதுங்கள்; அக்கோபம் துஆவாகக் கனியும் நாள் வருமாயின் அதனையும் எழுதுங்கள். அத்தகைய கதை ஒன்று அன்று நம் கைவசம் இருந்திருந்தால், விடை தெரியாமல் நின்ற நாம் அதனையேனும் அவள் கையில் கொடுத்திருப்போம்.