தோசையும் கரப்பானும்

குழந்தைக்குக் கரப்பான் கண்டதும் தோசை, அப்பம், தயிர் யாவற்றையும் விலக்கும் தாய்மார் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உளர். சித்த வைத்தியமும் சிலவற்றைக் 'கரப்பான் பண்டங்கள்' என ஒதுக்குகின்றது. இதில் உண்மை உண்டா?

புளித்த உணவுகளிலும் மாசிக்கருவாட்டிலும் பற்றீரியாக்கள் 'ஹிஸ்டமின்' என்னும் பொருளை உண்டாக்குவதுண்டு. அதனைச் சிதைக்கும் நொதியம் குடலிற் குறைந்தோர்க்குத் தோல் சிவந்து அரிக்கலாம். எல்லோர்க்கும் அவ்வாறன்று. அனைத்தையும் நிறுத்தினால் குழந்தையின் வளர்ச்சியே குன்றும்.

ஆகவே வைத்தியரைக் கேட்டு, ஐயமுள்ள ஒன்றை மாத்திரம் சில வாரம் விலக்கி, மீண்டும் கொடுத்து, விளைவைக் குறித்து வையுங்கள். முன்பு முகம் வீங்கியோ மூச்சுத் திணறியோ இருப்பின், வீட்டிற் பரீட்சித்தல் கூடாது. கொழும்பின் வியர்வையும் கடுஞ் சவர்க்காரமும் கரப்பானைக் கிளப்புவன. தோசையைப் பழிக்குமுன் அவற்றையும் கவனியுங்கள்.