விருந்தாளி போன பிறகு மாமல்லபுரம்

2019ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டம் இரண்டு பெரிய விருந்துகளைப் பார்த்தது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரத்தில் அத்திவரதர். அக்டோபர் 11, 12 தேதிகளில் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும். அப்போது மாமல்லபுரம் நம் மாவட்டத்தில்தான் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது அந்த ஆண்டு நவம்பர் 29இல். அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறவர், திரும்பவும் குளத்துக்குள் போய்விட்டார். தலைவர்கள் இரண்டே நாளில் கிளம்பினார்கள். சுவருக்கு வெள்ளையடித்து, சாலையோரக் கடைகளை அப்புறப்படுத்தி, புல்தரை போட்ட கைகளுக்குரியவர்கள் அதே காலனிகளில் இன்றும் இருக்கிறார்கள்.

காஞ்சிபுரத்தைப் பற்றி இந்தப் பத்தியில் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். இன்று 65 கிலோமீட்டர் தள்ளி, கடற்கரைக்குப் போய் வருவோம். மாமல்லபுரத்தை மேம்படுத்துவது பற்றி அரசு பேசாத ஆண்டு கிடையாது. வருகிறவர்களுக்காகப் பேசுகிறார்கள். வருடம் முழுக்க அங்கேயே இருக்கிறவர்கள் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

ஒன்றிய அரசின் சுற்றுலாப் புள்ளிவிவரப்படி 2021-22இல் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1,44,984 பேர். அந்த ஆண்டில் தாஜ்மகாலுக்கு வந்தவர்கள் 38,922 பேர்தான். தாஜ்மகாலையே முந்திவிட்டோம் என்று பெருமைப்பட்டோம். பெருமைதான். ஆனால் சின்னங்களைப் பார்க்க இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று வாங்கும் கட்டணம் ஒன்றியத் தொல்லியல் துறைக்குப் போகிறது. அறை வாடகை கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிக்காரர்களுக்கு. மிச்சமிருப்பது பாசிமணி, இளநீர், வறுத்த மீன், அறை கூட்டுவது, குப்பை அள்ளுவது. இந்த வரிசையில் கீழே இறங்க இறங்க நம் மக்கள் அதிகம்.

அதுவும் வருடம் முழுக்க இல்லை. டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா, காணும் பொங்கல் கூட்டம். மே மாதத்தில் பள்ளி விடுமுறை. மற்ற மாதங்களில் சனி, ஞாயிறு. மழைக்காலத்தில் அதுவும் சுருங்கிவிடும். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கு, ஆள் தேவைப்பட்டால் போன் வரும். தேவைப்படாத வாரம் போன் வராது. 2020 மார்ச் 17இல் நினைவுச்சின்னங்களை மூடியபோது அந்த போன் மாதக்கணக்கில் நின்றுபோனது. ஒரே தொழிலை நம்பிய ஊரில் அந்தத் தொழிலின் கடைசிப் படியில் நிற்பவருக்குத்தான் முதல் அடி விழும்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மாமல்லபுரத்தில் சின்னங்கள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஒழுகுகிற வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதிக்கு அலைய வேண்டும். அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தாலும், தடை எல்லைக்குள் இடம் இருந்தால் இடித்துக் கட்ட முடியாது. சிற்பங்களைக் காப்பாற்ற வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. பல ஏக்கர் வாங்கி எல்லைக்கு வெளியே போய்க் கட்டிக்கொள்ள விடுதிக்காரருக்கு வசதி இருக்கிறது. இரண்டு சென்ட்டில் குடியிருப்பவர் எங்கே போவார்? அவருக்கு மாற்று மனை கொடுப்பதும் பாரம்பரியப் பாதுகாப்புச் செலவில் சேர வேண்டியதுதான்.

விடுதிகள் பெருகினால் கழிவுநீர்த் தொட்டிகளும் பெருகும். சுற்றுலா வளர்ச்சி பற்றிய அறிக்கைகளில் இந்தப் பக்கம் இருக்காது. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தொட்டி ஆறு உயிர்களை வாங்கியது. 2022 அக்டோபரில் அதே பகுதியில் ஒரு விடுதியின் தொட்டியில் மூன்று பேர். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைத் தொட்டியில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. இறப்புக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விடுதிக்கு உரிமம் கொடுக்கும்போதே தொட்டியை எந்த இயந்திரம் எடுக்கும், கழிவு எங்கே போகும் என்று கேட்டு எழுதி வாங்கினால் பாதி வேலை முடியும்.

இப்போது நிலம். எனக்கு இதுதான் இந்த ஊர்க் கதையின் நடு முடிச்சு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, நிலம் கொடுத்தால்தான் நிமிர முடியும் என்பது அதன் சாரம். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது நம் மாவட்டத்து வயல்களைப் பார்த்துத்தான். முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் எப்படிக் கை மாறின என்பதை ஒவ்வொரு சேரியிலும் பெரியவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் நெல்லுக்கு, கல்யாணக் கடனுக்கு, மிரட்டலுக்கு.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடி, அங்கே அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கடற்கரைச் சாலை அகலமாக அகலமாக மனை விலை ஏறுகிறது. விலை ஏற ஏற, மீட்பு மனுக்களின் மேல் தூசியும் ஏறுகிறது.

நிலம் இல்லாதவர் கணக்கில் வராமல் போவதைச் சுனாமியிலேயே பார்த்தோம். படகு, வலை என்று எண்ணி நிவாரணம் கொடுத்தபோது, படகே இல்லாமல் கழிமுகத்தில் கையால் நண்டும் இறாலும் பிடித்த இருளர்கள் பல இடங்களில் விடுபட்டார்கள். 2021இல் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவர் பெண் விரட்டப்பட்ட காணொளி ஊர் முழுக்கப் பரவியது. அமைச்சர் சேகர்பாபு அதே பந்தியில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தீபாவளி அன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நல்ல காரியம், மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் செல்போனில் படம் பிடிக்க ஆள் இல்லாத குடியிருப்புகளுக்கும் பட்டா வர வேண்டுமே.

சாலையோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த ஆட்கள் உட்கார வேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் உரிய இடம் வேண்டும். பாசிமணி விற்கும் அக்காக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அடுத்த மாநாட்டுக்கு முன் தெரிந்தாக வேண்டும். 1957 முதல் அங்கே அரசு சிற்பக் கல்லூரி நடக்கிறது. பரம்பரையாக ஒரு சமூகத்தின் கையில் இருந்த உளி, இடஒதுக்கீட்டின் வழியாக நம் பிள்ளைகள் கைக்கும் வரக்கூடிய இடம் அது. பிளஸ் டூ முடித்தவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டை விஏஓ அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். டி.சி. நிலம் என்ற குறிப்பு எந்தச் சர்வே எண்களுக்கு எதிரே இருக்கிறது, இன்றைய பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இரண்டு பத்தியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதை அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று வாசியுங்கள்.