தங்கவயலின் வாடகைத் தகடுகள்

கோலார் தங்கவயலையும் சினிமாவையும் சேர்த்துப் பேசும்போது நம் உரையாடல் 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்', 2024இல் வந்த 'தங்கலான்' ஆகிய இரண்டு படங்களைச் சுற்றியே நிற்கிறது. இரண்டிலும் தங்கவயல் காட்டப்படும் இடம். அந்த ஊரார் எதைப் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்பவர் குறைவு. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவது பல குடும்பங்களின் வாழ்க்கையாயிற்று. விசிடியும் அதன் பின்னே டிவிடியும் மலிந்து பரவிய பத்தாண்டும் அதுவே. அக்காலத்துப் பார்வையாளரை ஆராய்வோருக்கு, ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் நாள் வாடகைக்குக் கைமாறிய தகடுகளைவிட நெருக்கமான சான்று வேறில்லை.

அத்தகைய தகடு ஒன்றை இன்று துறைக் கணினியில் இட்டால் பெரும்பாலும் ஓடாது. உடனே 'தகடு கெட்டுவிட்டது' என்கிறோம். அலமாரியைக் காலி செய்யும் நாளில் அது குப்பைக்குப் போகிறது. கெட்டது எது, பூட்டப்பட்டது எது, கணினியின் குறை எது என்று பிரித்தறியாமல் எந்தத் துறையும் எந்தத் தகட்டையும் கழிக்கக் கூடாது என்பதே என் வாதம்.

குற்றம் பல வேளைகளில் கணினியுடையது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிவிடியை ஓட்டும் வசதி இயங்குதளத்தோடு இயல்பாக வருவதில்லை. உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்த மைக்ரோசாஃப்ட் அதை நீக்கியது. கோப்புப் பட்டியலில் வீடியோ_டிஎஸ் என்ற உறை தெரிந்தும் படம் ஓடவில்லையென்றால், தகடு பெரும்பாலும் உயிரோடிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். விஎல்சியில் திறந்து பாருங்கள். (பாரிஸ் மாணவர்களின் அந்த மென்பொருள் கட்டற்ற உரிமத்துக்கு மாறியதும் 2001 பிப்ரவரியில்தான். தங்கவயலோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. தேதி மனத்தில் ஒட்டிக்கொண்டது.)

அடுத்தது மண்டலக் குறியீடு. டிவிடி வணிகம் உலகைக் கூறுபோட்டபோது சென்னையும் யாழ்ப்பாணமும் 5ஆம் மண்டலத்தில் விழுந்தன; கோலாலம்பூர் 3, இலண்டன் 2, சிட்னி 4, டொராண்டோ 1. தமிழ் பேசும் உலகத்தை இவ்வளவு துல்லியமாக நறுக்கிய வேறொரு வரைபடத்தை நான் கண்டதில்லை. 2000க்குப் பிந்தைய டிரைவ்களில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது தேர்வே நிலைத்துவிடும். உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தகட்டுக்காக யாரோ அவசரத்தில் 'சரி' என்பதை அழுத்தியிருந்தால், துறையின் டிரைவ் இன்று வேறொரு கண்டத்தில் வாழ்ந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, சிஎஸ்எஸ் என்னும் பூட்டு. கோப்புகளை அப்படியே கணினிக்கு நகலெடுத்துப் பார்க்கையில் படம் சதுரம் சதுரமாகச் சிதறினால் காரணம் இதுவே. 1999இல் இதைத் திறக்கும் நிரலை வெளியிட்டவர்களுள் ஒருவரான நார்வேச் சிறுவன் யோன் லெக் யோஹான்சன் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டு 2003இல் விடுதலையானார். தான் வாங்கிய தகட்டைத் தான் பார்ப்பது குற்றமா என்பதே அங்கு கேள்வி.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பூட்டு இருப்பது ஆலையில் அச்சான, அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும் அசல் தகட்டில். கடையின் பின்னறையில் எழுதப்பட்ட ஊதா நிறத் தகட்டில் அது இருக்க இயலாது; எளிதில் திறக்கும். ஆனால் அதன் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கிப்போகும். அசல் கதவடைத்து நிற்கிறது, நகல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே சாகிறது. ஆகவே ஊதாத் தகடுகளை முதலில் படியெடுக்க வேண்டும். கோப்புப் பட்டியலே வராத தகட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைத்து, வேறு இரண்டு டிரைவ்களிலேனும் முயன்று பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடேயே ஓடும். பிழை திருத்தும் ஏற்பாட்டால் அதைச் சரிக்கட்ட முடியாது. ஊர்த் திருமணங்களையும் தேர்பவனிகளையும் பதிந்த தகடுகள் சில, இறுதி முத்திரை இடப்படாமல் விடப்பட்டவை. எழுதிய கருவி ஏற்கும் அவற்றைக் கணினி ஏற்காது, அதுவும் கேடன்று.

சட்டம் தடுக்கிறது என்பது பாதி உண்மை. 2012 திருத்தத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே தண்டிக்கிறது. ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டை 52ஆம் பிரிவு ஏற்கிறது. சிக்கல் நூலகத்துக்குத்தான். வணிக நோக்கமற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்கிற அதே திருத்தம், கையிலிருக்கும் பிரதி டிஜிட்டல் அல்லாததாக இருக்க வேண்டும் என்கிறது. விஎச்எஸ் கேசட் உள்ளே, டிவிடி வெளியே. அமெரிக்காவில் நாடாளுமன்ற நூலகத்தின் தலைமை நூலகர் 2006இல் திரைப்படத் துறைப் பேராசிரியர்களுக்குப் பூட்டைத் திறக்க விலக்களித்து, 2010இல் அதைப் பிற பேராசிரியர்களுக்கும் விரித்தார். நம் பல்கலைக்கழகங்கள் கேட்க வேண்டியதும் இத்தகைய ஒரு விலக்குத்தான்.

'எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே' என்பார்கள். படம் இருக்கலாம். கடையின் ரப்பர் முத்திரை, உறையில் பேனாவால் எழுதிய எண், 'வாடகைக்கு அல்ல' என்று அச்சிட்ட தகடு வாடகைக்குப் போன கதை, எந்தப் படத்துக்குத் தேய்மானம் அதிகம் என்ற செய்தி, இவையெல்லாம் தகட்டிலும் உறையிலும் மட்டுமே இருக்கின்றன. தங்கவயலில் வாடகைக் கடை நடத்தியவர்களையோ அவர்களின் பிள்ளைகளையோ அறிந்த நண்பர்கள், பழைய பதிவேடுகளும் தகடுகளும் எடைக்குப் போகுமுன் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். ஓடாத தகடுகளையும் கொடுங்கள்.