கற்றாழையோ ஊசியோ, சான்று வேண்டும்

தில்லை நகர் வீட்டு நாயின் மூட்டுவலிக்கும் ஸ்ரீரங்கத்துக் கறவை மாட்டின் மடிநோய்க்கும் மாற்று மருத்துவம் தேடுவோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சான்று என்ன? தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையம் பரப்பிய மடிநோய் மருந்தையே எடுத்துக்கொள்வோம். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். இவற்றை அரைத்து, தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிப் பால் கறந்தபின் நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் இதைப் பரிந்துரைக்கிறது. ஆன்டிபயாடிக் ஊசி குறைந்தால் பாலில் அதன் எச்சமும் குறையும் என்பதே இதன் பெரிய ஆதாயம்.

மூட்டுவலிக்கு நாடப்படும் அக்குபங்சர் ஊசி முறையின் நிலை வேறு. வீட்டு விலங்குகளுக்கு அதைப் பரிந்துரைக்கவோ ஒதுக்கவோ போதிய சான்று இல்லை என்றது 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு. எனவே வழக்கமான சிகிச்சையோடு, மருத்துவர் மேற்பார்வையில் முயலலாம்; அதற்கு மாற்றாக அல்ல. தலைமுறைகளாகச் செய்வதற்குச் சான்று எதற்கு என்பார்கள் சிலர். ஆனால் தானாக ஆறியதையும் மருந்தால் ஆறியதையும் முறையான சோதனைதான் பிரித்துக் காட்டும். பக்கவிளைவு இல்லையே என்றால், சரியான சிகிச்சை தாமதமாவதே பெரிய பக்கவிளைவு. மடி கல்லாக இறுகிக் காய்ச்சலும் கண்டால், உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.