இரண்டு இட்லியின் இரு விலைகள்

சென்ற வாரம் அடுத்தடுத்த இரு நாள்களில் திருச்சியில் இரண்டு இடங்களில் காலை உணவு உண்டேன். முதல் நாள் சென்றது, பல ஊர்களில் கிளைகள் கொண்ட, குளிரூட்டப்பட்ட உணவகம். இரண்டு இட்லி 60 ரூபாய், வடை 45, காபி 50. சரக்கு-சேவை வரி 5 சதவீதம் சேர்த்து 163 ரூபாய் ஆனது. மறுநாள் சென்றது, எங்கள் தெருமுனையில் கணவனும் மனைவியும் நடத்தும் டிபன் கடை. அதே இரண்டு இட்லி, வடை, காபி, 45 ரூபாய். அரிசியும் உளுந்தும் இரு சமையலறைகளுக்கும் ஏறத்தாழ ஒரே விலையில்தான் கிடைக்கின்றன. அப்படியானால் 118 ரூபாய் இடைவெளி எங்கிருந்து வந்தது?

வரிதான் காரணம் என்பது பலரும் கூறும் பதில். அது சரியன்று. 163 ரூபாயில் வரி 8 ரூபாய்கூட இல்லை. இடைவெளியில் அது ஏறக்குறைய 15-இல் ஒரு பங்கு மட்டுமே. வாடகை, மின்கட்டணம், ஊதியம், விளம்பரம் ஆகியவையே பெரும்பகுதி. அவற்றோடு இன்னொன்றும் விற்கப்படுகிறது. அது நம்பிக்கை.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப், 1970-இல் பழைய கார் சந்தையை முன்வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நெடுஞ்சாலையோரச் சங்கிலித் தொடர் உணவகங்களைப் பற்றியும் குறிப்பிட்டார். வழிப்போக்கருக்கு அந்த ஊரில் எந்தக் கடை நல்ல கடை என்று தெரியாது. ஆகவே அவர் அறிந்த பெயர்ப்பலகையை நாடுகிறார். உள்ளூர்க்காரருக்கோ தம் ஊர்க் கடைகள் தெரியும். அவருக்கு அந்தப் பெயர்ப்பலகை தேவையில்லை. சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் பயணம் செய்யும் எவருக்கும் இதன் உண்மை விளங்கும். குழந்தைகளோடு செல்பவர் சுத்தமான கழிப்பறைக்கும், வயிற்றைக் கெடுக்காத சட்னிக்கும் சேர்த்தே பணம் தருகிறார். அந்தக் கூடுதல் தொகை ஒருவகைக் காப்பீட்டுக் கட்டணம். அதைக் கொள்ளை என்று பழிப்பது நியாயமாகாது.

அதேபோல, 45 ரூபாயை உண்மையான விலை என்று கருதுவதும் தவறு. தெருமுனைக் கடையில் அந்த அம்மையார் விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு மூட்டுகிறார். அவருடைய உழைப்புக்கு எந்தக் கணக்கிலும் ஊதியம் எழுதப்படுவதில்லை. வீட்டின் முன்னறையே கடை. அதற்கு வாடகை இல்லை. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குப் பங்களிக்க வேண்டும். இங்கே முதலாளியும் தொழிலாளியும் அவர்களே என்பதால் முதுமைக்கென்று எதுவும் சேர்வதில்லை. இருவரின் உழைப்புக்கும் முறையான கூலி கணக்கிட்டால் 10 ரூபாய்க்கு இட்லி தர இயலாது.

இந்த மலிவால் பயனடைவது சாப்பிடுபவர் மட்டுமல்ல. கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், விடுதி மாணவர், துணிக்கடைப் பணிப்பெண் ஆகியோர் இந்த விலையில் பசியாற முடிவதால்தான் நகரம் அவர்களைக் குறைந்த ஊதியத்தில் வேலைவாங்க முடிகிறது. இந்தத் தேவையை அரசும் உணர்ந்தே இருக்கிறது. 2013-இல் சென்னையில் தொடங்கப்பட்ட அம்மா உணவகத்தில் ஓர் இட்லி 1 ரூபாய். அதன் செலவைப் பொதுநிதி ஏற்றது. தெருமுனைக் கடையில் அதே பணியைச் செய்யும் குடும்பத்துக்கு அப்படி எந்த நிதியும் இல்லை. அது தன் உழைப்பையே மானியமாகத் தருகிறது.

ஆனால், நம் வரி அமைப்பு அந்தக் குடும்பத்தின் பக்கம் இல்லை. வீட்டு உபயோகச் சமையல் எரிவாயுவுக்கு வரி 5 சதவீதம். கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டருக்கு 18 சதவீதம். வரிக்கு முன் 1,500 ரூபாய் விலையுள்ள சிலிண்டருக்கு 270 ரூபாய் வரி. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள், அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 5,500 ரூபாய்க்கும் குறைவாக உள்ள கடை ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே அது வரியே செலுத்துவதில்லை என்று நாம் எண்ணுகிறோம். சிலிண்டர் வழியாக அது செலுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

பெரிய உணவகமும் இதே வரியைச் செலுத்துகிறது. 5 சதவீத விகிதத்தில் வரி வசூலிக்கும் உணவகங்களுக்கு 2017 நவம்பர் முதல் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆயினும் சுமை சமமன்று. ஓர் இட்லி வேக ஒரே அளவு எரிவாயு செலவாகிறது என்று கொண்டால், 30 ரூபாய் இட்லியின் மீது விழுவதைவிட 10 ரூபாய் இட்லியின் மீது அந்த வரி 3 மடங்கு கனமாக விழுகிறது. சிலிண்டர் விலை மாதந்தோறும் மாறக்கூடியது. இட்லியின் விலையையோ 50 காசு உயர்த்த வழியில்லை; 12 ரூபாய் என்றால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஆகவே இட்லி சிறுக்கிறது, சாம்பாரில் பருப்பு குறைகிறது, அல்லது சட்டம் தடை செய்திருந்தும் வீட்டு சிலிண்டர் கடை அடுப்புக்கு வருகிறது. கடைசி வழி பாதுகாப்பற்றது என்பது அனைவருக்கும் தெரியும். ஆனால் அதை நோக்கித் தள்ளுவது இந்த வரி வேறுபாடும்தான்.

சங்கிலித் தொடர் உணவகங்களைத் தடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஜிஎஸ்டி மன்றம் செய்யக்கூடியது எளிது: வணிக சிலிண்டருக்கான வரியைச் சிறு உணவகங்களுக்கேனும் 5 சதவீதமாக்கலாம். யார் சிறு உணவகம் என்று அடையாளம் காண உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்றே போதும். வருவாய் இழப்பு ஏற்படும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கடைகள் மூடப்பட்டால், மலிவான காலை உணவுக்கான செலவை உயர்ந்த கூலியாகவோ, அரசு மானியமாகவோ, தொழிலாளியின் வெறும் வயிறாகவோ யாரேனும் ஏற்றே ஆகவேண்டும்.

எங்கள் தெருமுனைக் கடைக்காரரின் மகன் பொறியியல் படித்துவிட்டு வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். பெற்றோருக்குப் பின் அந்த அடுப்பை மூட்ட ஆளில்லை. அங்கே அடுத்து வருபவர் தம் உழைப்புக்குக் கூலி கேட்பார், கேட்பதும் நியாயமே. அன்றுதான் இட்லியின் உண்மையான விலை நமக்குத் தெரியவரும்.